பதில்: செவன் ரேஞ்சஸ்ல 36ஆம் செக்‌ஷன் ஏன் எதிர் மூலைல விழுது?

பத்திரத்துல 36 வடமேற்கு மூலைன்னு இருக்கு, நீங்க வச்சிருக்கிற நம்பர் கட்டத்துல தென்கிழக்குல விழுதுன்னு கேட்டீங்க. அமெரிக்க நில அளவைல 6 மைல் சதுர டவுன்ஷிப்ப ஒரு மைல் சதுரத் துண்டுகளா, அதாவது 36 செக்‌ஷனா பிரிச்சு நம்பர் போடுவாங்க. பத்திரத்துல இருக்கிற வடமேற்கு மூலைதான் சரி, உங்க கட்டம்தான் அந்த இடத்துக்கு ஆகாது. அந்தக் கட்டம் 1796 சட்டத்துக்கு அப்புறம் வந்த முறை, 1 வடகிழக்குல ஆரம்பிச்சு ஏர் ஓட்டுற மாதிரி மேற்க போய் கிழக்க திரும்பி 36 தென்கிழக்குல முடியும். ஓஹாயோ மாநிலத்தோட கிழக்குல இருக்கிற செவன் ரேஞ்சஸ் 1785 சட்டப்படி அளந்த நிலம், அங்க 1 தென்கிழக்கு மூலை, நேரா வடக்க ஏறி 6, மறுபடி கீழ வந்து 1க்கு மேற்கால 7, இப்படியே போகும்.

இத உறுதிப்படுத்த, பழைய சர்வே குறிப்புல டவுன்ஷிப்போட மேற்கு எல்லைக் கோட்ட எடுங்க. ஓடை குறுக்க வர்ற இடம் எத்தன செயின், எத்தன லிங்க்னு இருக்கும் (ஒரு செயின் 66 அடி, 100 லிங்க்), இன்னைக்கு மேப்ல அளந்து பாருங்க. சர்வேக்காரங்க அப்போ குறி வெட்டின மரத்த தேடி அலையாதீங்க, அதெல்லாம் எப்பவோ போயிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கின 16ஐ வச்சும் பாக்காதீங்க, ரெண்டு முறைலயும் அது மேலருந்து மூணாவது வரிசைதான், ஒரே ஒரு கட்டம் தள்ளி விழுந்து இன்னும் குழப்பும்.

ஒண்ணு மட்டும், அப்போ டவுன்ஷிப்போட வெளி எல்லைய மட்டும்தான் அளந்து மைலுக்கு ஒரு குறி வச்சாங்க, உள்கோடெல்லாம் பின்னாடி போட்டது, அதனால உள்ள இருக்கிற செக்‌ஷன் சரியா ஒரு சதுர மைல் வரலன்னா பயப்படாதீங்க. ஓஹாயோவோட வடகிழக்குல இருக்கிற வெஸ்டர்ன் ரிசர்வ் பகுதிக்கு இது செல்லாது, அங்க டவுன்ஷிப்பே 5 மைல் சதுரம்.