பலா: நீங்கள் கேட்டவை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் பலா காய்த்து, பழம் சேலத்துக்கு இறங்க ஆரம்பித்தால் எனக்குக் கேள்விகளும் இறங்க ஆரம்பித்துவிடும்.

சர்க்கரை இருக்கிறது மேடம், பலாச்சுளையைத் தொடவே கூடாதா? (அஸ்தம்பட்டி வாசகர்)

தொடலாம், எண்ணித் தொடுங்கள். பழுத்த சுளை 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் சர்க்கரை இருக்கிறது, நாலைந்து சுளையிலேயே அது உள்ளே போய்விடும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இரண்டு சுளை போதும், அன்றைக்கு வேறு இனிப்பு வேண்டாம். பிஞ்சும் காயும் வேறு கதை. சர்க்கரை குறைவு, நார் உண்டு, ஆனால் மாவுச்சத்தும் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பலாக்காய்ப் பொரியல் வைத்தால் பலன் தெரியும். வழக்கமான சோறு, அதற்கு மேல் இதுவும் என்றால் என்ன பிரயோசனம்? மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை இப்படி மாற்றும்போது சர்க்கரை இறங்கவும் கூடும், பரிசோதித்துக்கொண்டே மாற்றுங்கள்.

பலா இலைக் கஷாயம் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமாமே?

கூடாது. இலைச்சாற்றை வைத்துச் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவ்வளவுதான். வீட்டில் கொதிக்கவைப்பதில் எவ்வளவு சத்து இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? இலையை ஆட்டுக்குப் போடுங்கள், ஆசையாகத் தின்னும்.

கொட்டை சாப்பிட்டால் வாயுத் தொல்லை. தூக்கிப் போடுவதா? (நாகலூர்)

ஐயோ, போடாதீர்கள்! பச்சைக் கொட்டையில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது பெரும்பாலும் போய்விடும், அதனால் அரைவேக்காடு மட்டும் ஆகாது. வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, குழைய வேகவைத்து, முருங்கைக்கீரையோடோ கருவாட்டுக் குழம்பிலோ போடுங்கள். பழுப்புத் தோல் இருக்கட்டும், அது நார்தான். அப்புறமும் வாயு வந்தால் அளவைக் குறையுங்கள். செரிக்காமல் மிஞ்சும் மாவுச்சத்தைக் குடலில் உள்ள கிருமிகள் நொதிக்கவைப்பதால்தான் அது வருகிறது.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு சுளையாவது கேட்கிறார்.

உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். 100 கிராம் சுளையில் 450 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பலாப்பழமும் பாலும் சேர்ந்தால் விஷமா?

இல்லை. வயிறு கனக்கும், அவ்வளவே. ஆனால் பலா தின்றதும் வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ அது ஒவ்வாமை, அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.