கிரியேட்டினின் 1.9: குளோபிடோக்ரெலை நிறுத்தலாமா?

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் 1.9 வந்திருக்கிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். இப்போது விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம், அது உயிருக்கே ஆபத்து. குளோபிடோக்ரெல் 75 மி.கி. சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, அளவைக் குறைக்கவும் தேவையில்லை.

62 வயது ஆணுக்கு 1.9 என்றால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) சுமார் 39. இந்த நிலையில் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம். ஸ்டென்ட் முழுதாக விரியாமல் போகலாம், மறுபடி அடைபடும் வாய்ப்பும் கூடுதல். சங்கடம் என்னவென்றால், ரத்தக்கசிவு அபாயமும் சேர்ந்தே ஏறுகிறது. அதனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டு மாத்திரையும் வழக்கமான 12 மாதமா, குறைவா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். மலம் கறுத்துப் போனால் அன்றே காட்டுங்கள்.

உண்மையில் நிறுத்த வேண்டியது மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக். சிறுநீரகம், இதயம், வயிறு மூன்றுக்கும் கெடுதல். பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

ஸ்டென்ட் வைக்கும்போது ரத்தக்குழாயில் செலுத்தும் ஆஞ்சியோ சாயத்தால் ஏறும் கிரியேட்டினின் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்தும் 1.9 என்றால் பழைய ரிப்போர்ட்டைத் தேடி ஒப்பிடுங்கள். பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (புரதம் கசிகிறதா என்று காட்டுவது) பார்த்து, சிறுநீரக மருத்துவரிடமும் காட்டுங்கள்.