கடைசி ரூம்ல வைஃபை வேகம் 40 எம்பிபிஎஸ் தான் வருது, 10 ஜி பிளானுக்கு (நொடிக்கு 10 கிகாபிட்) மாறலாமான்னு கேட்டவருக்கு

மாறாதீங்க, காசு வேஸ்ட். ஹால்ல 600 வருது, ரூம்ல 40 தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப லைன்ல கோளாறு இல்ல, போற வழியில சிக்னல் அடிவாங்குது.

நடுவுல பாம் ஷெல்டர் (குண்டு விழுந்தா ஒதுங்குற அறை) இருக்கும்னு நினைக்கிறேன். சிங்கப்பூர்ல வீவக (அரசாங்க அடுக்குமாடி) புது வீடுகள்ல அந்தச் சுவர் கம்பி கட்டின கெட்டி கான்கிரீட்டு, கதவு இரும்பு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் அதைத் தாண்டுறதுக்குள்ள செத்துடும்.

எதுக்கும் லேப்டாப்ப லான் கேபிள்ல நேரா ரவுட்டர்ல சொருகி டெஸ்ட் போட்டுப் பாருங்க. 1 ஜி பிளான்ல 900க்கு மேல வந்தா லைன் சுத்தம். 94 கிட்டயே நின்னுச்சுன்னா கேபிள மாத்துங்க, உள்ள இருக்கிற 8 கம்பியில ஒண்ணு விட்டுப்போனாலே 100க்கு இறங்கிடலாம், எங்க வீட்ல முனையில இருக்கிற கிளிப் உடைஞ்சு ஆடிக்கிட்டே இருந்துச்சு, வேற கேபிள் போட்ட உடனே 930.

அப்புறம் மெஷ் (வீடு முழுக்க வைஃபை பரப்ப அங்கங்க வைக்கிற பெட்டிங்க) வாங்கினா ரெண்டாவது பெட்டிக்கும் கேபிள் இழுத்துடுங்க, அதுதான் உருப்படியா வேலை செய்யும்.

ஒண்ணு மட்டும், கேபிள் விடுறதுக்காக ஷெல்டர் சுவரத் துளைக்காதீங்க, அனுமதி கிடையாது. ஃபைபர் வயரையும் மடிச்சு ஒதுக்காதீங்க, உள்ள இருக்கிறது கண்ணாடி இழை.