திருடனைக் கண்டுபிடிப்பது சுலபம்

அன்புள்ள ஐயா,

சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பகல் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து தன் குடும்ப வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் பரம்பரையாக விவசாயம் பார்த்தவர்கள், சொந்தக் காசில் கப்பலேறி வந்த மரியாதையான குடும்பம் என்று சொல்லித்தான் பாட்டி வளர்த்தாராம். போன மாதம் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டு, "தெரியுமா, எங்கள் ஆள் திருடன்!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியப்பா கோர்ட்டுக்குப் போனதையே கல்யாணப் பேச்சு வந்தால் மறைப்போம்.

எனக்கு இரண்டு கேள்விகள். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சாதாரண விவசாயியைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைக்கிறது? என் கொள்ளுத்தாத்தாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டாவதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. அந்த நிலமே அவர்களுடையது இல்லையே. பிடுங்கிய நிலத்தில் பூர்வீகம் தேடுவதற்கு என்ன இருக்கிறது? அவர் நல்ல மனுஷி, அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

க., வென்ட்வொர்த்வில்

அன்புள்ள க.,

அந்த அம்மாவின் ஆள் திருடனாக இருந்ததால்தான் இவ்வளவு விவரத்தோடு கிடைத்திருக்கிறார். பாட்டி சொன்னபடி சொந்தக் காசில் வந்த ஏழை விவசாயியாக இருந்திருந்தால் கிடைப்பது கஷ்டம். அக்காலத்து சிட்னிப் பத்திரிகைகளில் கப்பல் வருகைப் பத்தியைப் பார்த்தால் இது புரியும். கேபினில் வந்த கனவான்களுக்குப் பெயர் இருக்கும். கீழ்த்தட்டில் அடைந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும்தான். அரசாங்கம் டிக்கெட் எடுத்துக்கொடுத்துக் கூட்டிவந்தவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, செலவுக்குக் கணக்கு காட்ட வேண்டுமே. அந்தக் காலத்தில் பிரிட்டன் தன் குற்றவாளிகளைத் தண்டனையாகக் கப்பலேற்றி இந்தக் காலனிக்கு அனுப்பியது. அப்படி வந்த கைதி என்றால் கேட்கவே வேண்டாம். வழக்கு நடந்த ஊர், தேதி, தண்டனை, கப்பல், யாரிடம் வேலைக்கு விடப்பட்டான், எப்போது விடுதலை என்று ஆயுள் முழுக்கக் காகிதம் பின்தொடரும். 1820களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் உண்டு.

நமக்கும் இதே கதைதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் குடியேற்றச் சீட்டுகளில் தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது, உடம்பிலுள்ள அடையாளம் வரை எழுதி வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு டர்பனில் இருப்பவர் தன் பாட்டன் எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறார். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் வாரிசுகளுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாவை எந்தச் சர்க்காரும் பிடித்து வரிசையில் நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளை வைத்துச் சொன்னால் தெளிவாக இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் ஹாரிஸ் பார்க் போய்விடலாம். தோசை சாப்பிட அங்கே போயிருப்பீர்கள். அந்தக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ரூஸ் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதியின் பெயர் அது. காலனியில் முதன்முதலாக நில மானியம் வாங்கிய ஆள்.

கார்ன்வால்காரர். 1782ல் பாட்மின் நீதிமன்றத்தில், வீடு புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களும் வேறு சாமான்களும் திருடிய வழக்கில் மரண தண்டனை. பிறகு அது ஏழு வருட நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் தொகுதியில் ஸ்கார்பரோ என்ற கப்பலில் 1788 ஜனவரியில் வந்து இறங்கினார். 1789ல் ஏழு வருடம் முடிந்துவிட்டது, என்னை விடுங்கள், விவசாயம் செய்கிறேன் என்று கேட்டார். அங்கேதான் வேடிக்கை. யாருக்கு எத்தனை வருடத் தண்டனை, எப்போது முடிகிறது என்ற காகிதங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கைதி சொல்வது உண்மையா என்று பார்க்க ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் கையில் ஒன்றுமே இல்லை. எழுநூற்றுச் சொச்சம் கைதிகளைக் கடல்தாண்டி ஏற்றிவந்த சர்க்கார், அவர்களின் தண்டனைக் கணக்கை மறந்துவிட்டு வந்தது!

ஆனாலும் ஃபிலிப்புக்கு விவசாயம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. காலனி பட்டினியில் கிடந்தது, கூட்டிவந்ததில் பல பேர் மண்வெட்டி பிடித்தறியாதவர்கள். பரமட்டாவில், அப்போது ரோஸ் ஹில், ஒன்றரை ஏக்கரைத் திருத்தி, ஒரு குடிசை போட்டு, விதை, கருவிகள், இரண்டு பெண் பன்றி, ஆறு கோழி கொடுத்து ரூஸை உட்காரவைத்தார். ஒரு குடும்பம் தானே விளைவித்துச் சாப்பிட முடியுமா என்று பார்க்கிற சோதனை. சோதனைப் பண்ணை என்ற பெயரே அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. 1791 பிப்ரவரியில், இனி அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னார். ஏப்ரலில் 30 ஏக்கருக்கு உரிமை கிடைத்தது.

வாட்கின் டெஞ்ச் என்ற கடற்படை வீரர்களின் அதிகாரி அவரைப் போய்ப் பார்த்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெட்டிய மரங்களை எரித்தேன், சாம்பலை மண்ணில் கொத்திவிட்டேன், ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் கொத்துவேன், ஆனால் ஒழுங்காகக் கொத்துவேன், அரசாங்கப் பண்ணை மாதிரி மேலாகச் சுரண்டிவிட்டுப் போகமாட்டேன் என்கிறார். புல்லையும் களையையும் புதைத்து, வெயிலும் காற்றும் படும்படி நிலத்தை ஆறப்போட்டு, விதைக்கும் முன் இன்னொரு தடவை புரட்டுகிறார். வைக்கோலைக் குழியில் போட்டு மக்கவைப்பேன் என்கிறார். கலப்பை இல்லை, மாடு இல்லை. கடைசியில், எனக்கு உதவிக்கு என் மனைவி மட்டும்தான், இந்த நாட்டில் கல்யாணம் செய்துகொண்டவள், உழைப்பாளி என்று ஒரு வரி. எலிசபெத் பெர்ரி, அவரும் கைதிதான், 1790ல் லேடி ஜூலியானா கப்பலில் வந்தவர். டெஞ்சின் குறிப்பில் அவர் பெயர்கூட வரவில்லை. அதற்குத் திருமணப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும், 1790 செப்டம்பர் 5. பெண் வழியைத் தேடுகிறவர்களுக்கு இது தினப்படித் தலைவலி.

அப்புறம் ரூஸின் கதை இறங்குமுகம். 1793ல் 40 பவுனுக்குப் பண்ணையை ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு விற்றார். ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அவருடையது. இங்கிலாந்துக்குத் திரும்பும் எண்ணம் பணத்தோடு கரைந்தது. 1794ல் ஹாக்ஸ்பரியில் முதலில் குடியேறிய 22 பேரில் ஒருவரானார். அங்கே வண்டல் மண் அள்ளிக்கொடுக்கும், வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். 1828ல் நாட்டின் முதல் விவசாயி என்று நாம் சொல்கிற மனிதர் மின்டோ பக்கம் வேறொருவர் பண்ணையில் மேஸ்திரி. 1837ல் இறந்தார். கேம்பெல்டவுன் கல்லறைக் கல்லில் இருக்கும் வரிகளை அவரே செதுக்கியதாகச் சொல்வார்கள். தாய் என்னை அருமையாக வளர்த்தாள், இந்தக் காலனிக்கு வந்து முதல் தானியத்தை விதைத்தேன் என்கிறது கல். வரிக்கு வரி எழுத்துப்பிழை.

முதன்முதலில் கரையில் கால் வைத்தவர் ரூஸ்தான், ஓர் அதிகாரியை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு முதுகு இருக்கும். காகிதம் கிடைக்கும்வரை அதை ஓரமாக வைப்பது நல்லது. இன்னொரு தொல்லை, பக்கத்திலேயே ரௌஸ் என்று வேறு குடும்பம். ரிச்சர்ட் ரௌஸ் 1801ல் நைல் கப்பலில் சுதந்திரமாக வந்தவர், ரௌஸ் ஹில் மாளிகை அவருடையது. காது கேட்டபடி பெயரெழுதிய காலத்தில் இந்த இரண்டையும் கப்பல் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

மேலே 1828 என்று சொன்னேனே, அந்த வருட மக்கள்தொகைக் கணக்கு பெரிய புதையல். 36,000க்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வயது, சுதந்திரமாக வந்தவரா, காலனியில் பிறந்தவரா, தண்டனை முடிந்தவரா, எந்தக் கப்பல், எந்த வருடம், மதம், தொழில், எத்தனை ஏக்கர், அதில் திருத்தியது எவ்வளவு, பயிரிட்டது எவ்வளவு, குதிரை, மாடு, ஆடு. பிற்காலக் கணக்குகள் இப்படிக் கிடைக்காது, எண்ணி முடித்ததும் படிவங்களை அழித்துவிடுவது ஆஸ்திரேலிய வழக்கம். 2001லிருந்துதான் விரும்புகிறவர்களின் படிவங்களை 99 வருடம் பூட்டி வைக்கிறார்கள். 1881 கணக்கின் காகிதங்கள் அடுத்த வருடமே சிட்னியின் கார்டன் பேலஸ் என்ற கண்காட்சி மாளிகை எரிந்த தீயில் போயின. கைதிப் பூர்வீகத்தை மறைக்க யாரோ பெரிய இடத்து ஆட்கள் வைத்த தீ என்று அப்போதே பேச்சு இருந்தது. அப்படிப் பேச்சு கிளம்பியதே அந்தக் காலத்து வெட்கத்துக்குச் சாட்சி. இன்றைக்கோ முதல் கப்பல் தொகுதியில் வந்தவர்களின் வாரிசுகளுக்கு 1968லிருந்து ஒரு சங்கமே இருக்கிறது. வம்சாவளியை நிரூபித்தால்தான் உறுப்பினர். வெட்கம் மூன்று நான்கு தலைமுறையில் பட்டமாகிவிட்டது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மற்றபடி வேலை பின்னோக்கித்தான் நடக்கும். நியூ சவுத் வேல்ஸில் 1856ல் அரசுப் பதிவு தொடங்கியது. அந்த மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள், காலனியில் எத்தனை வருடம் இருந்தார் என்ற கேள்வி எல்லாம் உண்டு. கடைசியில் சொன்ன அந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும். கொள்ளுப்பாட்டனின் குற்றத்தைப் பேசாமல் விட்டுவிடலாம், இறந்த வருடத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வந்த வருடம் வந்துவிடும், அந்த வருடக் கப்பல்களின் கைதிப் பட்டியலைப் புரட்டினால் ஆள் நிற்பார். ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும். மருமகன் சொன்ன மாமனாரின் வயதை நம்பலாமா என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. பழைய பத்திரிகைகளை ட்ரோவ் என்ற தேசிய நூலகத் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1828 கணக்கில் அந்த மண்ணின் பூர்வகுடிகளை எண்ணவில்லை. மாட்டுக்குக் கட்டம் இருக்கிறது, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டாருக் மக்களுக்கு இல்லை. பழைய நில வரைபடங்களிலும் ஒவ்வொரு துண்டின் மேலும் முதலில் மானியம் வாங்கியவர் பெயரும் ஏக்கர் கணக்கும் எழுதியிருக்கும், அதற்கு முன் யாருமே இல்லாத மாதிரி. ரூஸும் மற்றவர்களும் சோளம் விதைத்த ஹாக்ஸ்பரிக் கரை, டாருக் பெண்கள் காட்டுக் கிழங்கு தோண்டிய கரை. கிழங்கு போன இடத்தில் சோளம் வந்தது, அவர்கள் சோளத்தை எடுத்தார்கள், குடியேறிகள் சுட்டார்கள். 1795ல் படையே அனுப்பினார்கள்.

ஆனால் இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் எல்லோரும் அதை மறைக்கத்தான் இறங்குகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அரைகுறையாகத் தேடுகிறவர் மானியத்தோடு நின்றுவிடுவார். ஒழுங்காகத் தேடுகிறவர் அதில் முட்டிக்கொள்ளாமல் போக முடியாது.

மரியா லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டாருக் தலைவர் யர்ரமுண்டியின் மகள். ஆளுநர் மக்வாரி பரமட்டாவில் தொடங்கிய பூர்வகுடிப் பள்ளியில் சிறுமியாகச் சேர்க்கப்பட்டார். 1819ல் பள்ளித் தேர்வில் ஒரு பூர்வகுடிப் பெண் வெள்ளைக்காரப் பிள்ளைகளை முந்திக்கொண்டு முதல் பரிசு வாங்கியதாகச் செய்தி வந்தது, அது மரியாதான் என்பார்கள். 1824ல் பரமட்டா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ராபர்ட் லாக் என்ற கைதித் தச்சருக்கும் அவருக்கும் கல்யாணம். கைதிகளை எஜமானர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். ராபர்ட் ஒப்படைக்கப்பட்டது மரியாவிடம். 1831ல் மரியா தன் அண்ணன் கோல்பிக்கு பிளாக்டவுனில் தந்த நிலத்தைத் தனக்குத் தரும்படி ஆளுநருக்கு மனு போட்டார். லிவர்பூலில் 40 ஏக்கர் கிடைத்தது, அண்ணனின் 30 ஏக்கர் வந்து சேர 1843 ஆனது. 1878ல் இறந்தபோது நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்தது. பிளாக்டவுன் நிலத்தை 1920 வாக்கில் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு என்று பெயர் வைத்தவர்களைச் சும்மா சொல்லக்கூடாது.

இதுவும் ஒரு காலனி விவசாயக் குடும்பம்தான். இன்று டாருக் மக்களில் பலர் தங்கள் வம்சத்தை மரியாவரை சொல்கிறார்கள். அதற்கு உதவுவது பள்ளிப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மனு. அரசாங்கம் கை வைத்ததால் விழுந்த காகிதங்கள். பள்ளி, கல்யாணம், மனு என்று எதுவும் இல்லாமல் துப்பாக்கியோடு முடித்துக்கொண்ட இடங்களில் காகிதமும் இல்லை.

அந்த அம்மாவிடம் உங்கள் கேள்வியை நேரடியாகக் கேட்க வேண்டாம். மரியாவும் ராபர்ட்டும் அடக்கமான ப்ராஸ்பெக்ட் செயின்ட் பார்த்தலோமியு தேவாலயக் கல்லறை உங்கள் பகுதிக்குப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அப்புறம் அவர் முன்னோருக்கு ஹாக்ஸ்பரியில் எந்த வருடம் நிலம் கிடைத்தது என்று விசாரியுங்கள். 1794, 95 என்றால் அந்தக் காலத்தில் படை அனுப்பியதைப் பற்றி காலனி அதிகாரிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் அச்சிலேயே இருக்கின்றன, சிட்னி மாநில நூலகத்தில் பார்க்கலாம். இருநூறு வருடத்துக்கு முந்தைய கைதிப் பட்டியலைப் புரட்டியவருக்கு அதெல்லாம் ஒரு மத்தியான வேலை. வருடம் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்