வாசகர் கேள்வி – பதில்: புளிப்பு பீரின் மேல் படிந்த ஆடை

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பெல்ஜியத்தின் லாம்பிக் என்னும் புளிப்பு பீரைச் சுவைத்த ஆசையில், 20 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் வழக்கமான ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட்டும் புளிப்பு பாக்டீரியாக்களும் கலந்த கலவையைச் சேர்த்து மூடி வைத்தேன். நான்கு மாதமாகிறது. மேலே சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படிந்துள்ளது. சிறிது எடுத்துப் பார்த்தால் விளக்கெண்ணெய் போல இழுபடுகிறது. கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டிவிடாதீர்கள். அந்த ஆடை, காற்று படும் பரப்பில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டுவது. பஞ்சு போலப் பொங்கியோ, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால்தான் அது பூஞ்சணம். இழுபடும் தன்மைக்குக் காரணம் பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. லாக்டிக் அமிலத்தோடு பிசின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளையும் அது உண்டாக்குவதால், பீர் சில காலம் கொழகொழப்பாகவும் வெண்ணெய் வாசனையோடும் இருக்கும். பீருக்கு ‘நோய்’ கண்டிருக்கிறது என்றே காய்ச்சுபவர்கள் இந்தக் கட்டத்தைச் சொல்வார்கள். மருந்தும் உள்ளேயே இருக்கிறது: பிரெட்டனோமைசஸ் என்னும் காட்டு ஈஸ்ட் அந்தப் பிசினையும் வெண்ணெய் வாசனையையும் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் கிளாசன் 1904இல் இங்கிலாந்து பீரில் இதைக் கண்டறிந்து, ‘பிரிட்டன் பூஞ்சை’ என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆகவே உங்களுக்கு இது அயலூர்ச் சரக்கும் அன்று. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்றுதான். வாரந்தோறும் திறந்து ருசி பார்த்தால், புகும் காற்றில் அசெட்டிக் அமிலம் பெருகிக் கடைசியில் காடிதான் மிஞ்சும்.

கேள்வி: இட்லி மாவு ஓரிரவில் புளிக்கிறதே, லாம்பிக்குக்கு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கு? அதில் பழைய ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) போடுவது எதற்காக?

பதில்: மாவில் பாக்டீரியாவைத் தடுக்க எதுவும் இல்லை, பீரில் ஹாப்ஸ் இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் கள்ளாக வேண்டியது பதநீராக நிற்கிறதல்லவா, ஏறக்குறைய அந்த வேலையை இங்கே ஹாப்ஸ் செய்கிறது. அதை நாள்பட வைத்துப் பழையதாக்கும்போது கசப்பு பெரிதும் போய்விட, பாக்டீரியாவை அடக்கும் குணம் ஓரளவு தங்குகிறது. பிரஸ்ஸல்ஸிலும் அதை அடுத்த சென் ஆற்றுப் பகுதியிலும், பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் கொதிக்க வைத்த சாற்றை, குளிர்மாதங்களில் மட்டும், அகன்ற ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுவதும் திறந்தபடி ஆறவிட்டு மரப்பீப்பாய்களில் அடைக்கிறார்கள். முதலில் குடல்வகைப் பாக்டீரியாக்கள், பிறகு வழக்கமான ஈஸ்ட், பிறகு பீடியோகாக்கஸ், கடைசியில் பிரெட்டனோமைசஸ் என்று ஒன்று விட்டுச்சென்றதில் மற்றொன்று வாழ்வதால் நாள் பிடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் அது கூஸ். அவசரமென்றால் வழி உண்டு: ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே லாக்டோபாசில்லஸ் என்னும் புளிப்பு பாக்டீரியாவைச் சேர்த்து, 35 முதல் 45 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாள் புளிக்கவிட்டு, பின்பு கொதிக்க வைக்கலாம். புளிப்பு சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஒரே சுவைதான். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

கேள்வி: சென்னையில் உள்ள என் தம்பியும் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை பிரிட்டன் 1963இல் நீக்கிவிட்டது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: எப்போது புட்டியில் அடைப்பது?

பதில்: ஹைட்ரோமீட்டர் சொல்லும்போது. பீரின் அடர்த்தியைத் தண்ணீரோடு (1.000) ஒப்பிட்டுக் காட்டும் கருவி அது; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். சாதாரண பீர் 1.010இல் நின்றால் முடிந்ததாகக் கொள்ளலாம். பிரெட்டனோமைசஸோ, மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரைகளையும் மெல்ல மெல்லத் தின்னும். அடைத்த பின் அளவு 0.002 குறைந்தாலே, ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு கூடுகிறது. 1.010இல் அடைத்தது 1.002க்கு இறங்கினால் நான்கு லிட்டர். சாதாரண பீர்ப் புட்டி வெடித்துக் கண்ணாடிச் சில்லு சிதறும். எனவே அளவு இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகு, ஷாம்பெயின் அடைக்கும் தடித்த புட்டிகளில் அடையுங்கள். இந்தப் பீருக்குப் பயன்படுத்திய ரப்பர் குழாய், பிளாஸ்டிக் வாளி, மூடி வளையம் ஆகியவற்றைத் தனியே குறியிட்டு வையுங்கள். அவற்றின் கீறல்களில் தங்கும் காட்டு ஈஸ்ட், எவ்வளவு கழுவினாலும் உங்கள் அடுத்த சாதாரண பீருக்குள் வந்து சேர்ந்துவிடக்கூடும்.