போய் வருவதற்கு ஒரு கடல்

வணக்கம் சேர்,

ஒவ்வொரு மாசி மாதமும் திருகோணமலை உள்துறைமுகத்தில் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. தாய்லாந்துப் பக்கமிருந்து வாடைக்காற்றைப் பிடித்து வருகிறார்கள். அநேகமாக எல்லாரும் ஓய்வுபெற்ற தம்பதிகள். வருடக்கணக்கில் கடலில் வாழும் இந்தப் பயணத்துக்கு இளையவர்கள் ஏன் வருவதில்லை? நம்மவர்களில் ஒருவர்கூட இல்லையே? அன்னபூரணிக் கப்பலை அமெரிக்காவுக்கு ஓட்டிப்போனவர்களின் பிள்ளைகள் இன்று போனும் கையுமாகப் படுத்திருக்கிறார்கள். துணிச்சல் போய்விட்டதா?

— நி., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

அந்தப் படகுகளைப் பார்த்து நானும் கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஆனால் நீங்கள் போய் நின்ற இடத்துக்கு நான் வரமாட்டேன்.

வெளிநாட்டு இளையவர்கள் வராததற்குக் காரணம் காசு. பழைய படகொன்றை மலிவாக வாங்கிவிடலாம், வைத்திருப்பதுதான் பாடு. பாய் கிழியும், எஞ்சின் பழுதாகும். வருடத்துக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு போகும் என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள். படிப்புக் கடனோடு வேலை தேடுகிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா? இளையவர்கள் அடியோடு இல்லை என்பதும் சரியல்ல. ரொபின் லீ கிரஹாம் 1965இல், 16 வயதில், 24 அடிப் படகொன்றில் தனியாகப் புறப்பட்டார். லோரா டெக்கர் 2012இல் உலகைச் சுற்றி முடித்தபோது அவருக்கும் வயது 16. சரி, அது போகட்டும்.

அன்னபூரணிக்கு வருகிறேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தக் கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். நம்மவர்கள் 1938இல் அதை மசாசுசெட்சின் குளோஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது அவர்களுடைய தொழில். கடலைப் பார்க்கவென்று 1928இலேயே, தன் இருபதுகளில், 32 அடிப் படகில் உலகம் சுற்றப் புறப்பட்டவர் ரொபின்சன். பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையைத் தடியாக எடுத்து இன்றைய பெடியளை அடிக்காதீர்கள்.

நம் பெடியள் கடலுக்குப் போகவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? 2012இல் நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அந்த வருடம் இந்தத் தீவின் கரைகளிலிருந்து மீன்பிடிப் படகுகளில் அவுஸ்திரேலியாவை நோக்கி எத்தனை பேர் போனார்கள்! பல படகுகள் இந்தியப் பெருங்கடலில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவை அடைந்தன. உலகம் சுற்றுகிற பாய்மரப் படகுகளும் அதே கொக்கோஸில்தான் தங்கி, களைப்பாறி, அடுத்த கடலுக்குப் புறப்படுகின்றன. தீவு ஒன்றுதான். ஒருவருக்குக் கடவுச்சீட்டில் முத்திரை, மற்றவருக்குத் தடுப்பு முகாம்.

என்னிடம் படித்த ஒருவன் அப்படிப் போனான். தாய் தோட்டை விற்றுக் காசு கொடுத்தார். மீன் ஐஸ் போடும் அறைக்குள் வாந்தியோடு கிடந்தவர்களுக்கு நடுவில் இருந்து எழும்பி வந்து, ஓட்டி கண்ணயர்ந்த இரவுகளில் சுக்கானைப் பிடித்தவன் அவன். திசைகாட்டியின் விளக்கு எரியவில்லை. வானத்து வெள்ளி ஒன்றைப் படகின் முன்முனையான அணியத்துக்கு நேரே வைத்து ஓட்டியிருக்கிறான். அது உயர ஏறி விலகியதும், அதே இடத்தில் கடலில் இருந்து எழும்புகிற அடுத்த வெள்ளியைப் பிடிக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். பழைய கடலோடிகள் ஓட்டியதும் அப்படித்தான்; அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். வந்து இறங்கியதும் சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனதாக வழக்கு. இன்று ஒரு ஹாட்வெயர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். அவனுக்கு முன்னால் போய் நின்று துணிச்சலைப் பற்றிப் பேசுங்கள் பார்ப்போம்.

தம்பி, அந்தத் தம்பதிகளுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. கடல் அலுத்தால் படகைக் கட்டிவிட்டு விமானம் ஏறுவார்கள். நம் கடவுச்சீட்டோடு ஒரு பெடியன் தூதரகத்துக்குப் போய், "பாய்ப் படகில் வருகிறேன், காற்றைப் பொறுத்துத்தான் நாள் சொல்லலாம், திரும்பும் டிக்கெட் இல்லை" என்று சொன்னால் விசா கொடுப்பார்களா? போய் வர விட்டால்தானே போவான்! போர்க்காலத்தில் இந்தக் கடலில் இறங்கவே பாஸ் வேண்டும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு தாய்மார் பிள்ளையைக் கரைக்கு விடவே பயந்தார்கள். அந்தப் பயத்தைச் சோம்பல் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பின்னால் ஆள் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரி ரூபா அழகிரிசாமியைப் பாருங்கள். 2024 ஒக்ரோபரில் சக அதிகாரி தில்னாவோடு தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்து இறங்கினார். படகு, பயிற்சி, சம்பளம் எல்லாம் இந்தியக் கடற்படை கொடுத்தது.

உங்கள் கடிதத்தின் கோபத்துக்கு அடியில் உங்களுடைய ஆசை தெரிகிறது. அதை மறைக்க வேண்டாம். மாலைதீவு எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கிய பிறகே 30 நாள் விசா கொடுக்கிறது, நமக்கும்தான். வாடை ஓய முதல் இங்கிருந்து அந்தப் பக்கம் போகிற படகுகள் உண்டு. வயதான இரண்டு பேர் மாறி மாறி இரவுக் காவல் நிற்பது லேசான வேலையில்லை. கூட ஓர் ஆள் கிடைத்தால் யோசிப்பார்கள். வருகிற மாசியில் போய்க் கேளுங்கள். சமைப்பேன், இரவில் முழித்திருப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கு முதல் கடவுச்சீட்டை எடுத்து வையுங்கள். நீந்தத் தெரியாவிட்டால் தென்மேல் காற்று வீசும் இந்தக் கச்சான் காலத்திலேயே உப்புவெளியில் பழகுங்கள். அப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.