பக்னாசிட்டின்னா பாராட்டா, திட்டா?

கேள்வி: ஆபீஸ் ரிவ்யூல என் மேனேஜர் "இவரோட பக்னாசிட்டி டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்"னு எழுதியிருக்கார். டிக்‌ஷனரி ஆப்ல 'போர்க்குணம்'னு வருது. சந்தோஷப்படலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்க சார், அது பாராட்டா இருக்க வாய்ப்பு கம்மி. உங்களைக் குழப்பினதே அந்த 'போர்க்குணம்'தான். தமிழ்ல அது மரியாதையான வார்த்தை, உரிமைக்காக விடாம நிக்கறவங்களைத்தான் அப்படி சொல்வோம், ஒரு தொழிற்சங்கத் தலைவரை அப்படி சொன்னா பெருமையாத்தான் எடுத்துப்பார். பக்னாசிட்டிக்கு அந்த நியாயமான காரணமெல்லாம் தேவையே இல்ல, எதிர்ல யாராவது ஒரு வார்த்தை மாத்திப் பேசினாலே மல்லுக்கு நிக்கிற சுபாவம், அவ்வளவுதான். 'வம்புச் சண்டைக்குப் போறதில்ல, வந்த சண்டைய விடறதில்ல'ன்னு சொல்வாங்கள்ல, பக்னாசிட்டி இருக்கறவர் வம்புச் சண்டைக்கும் போவார்.

லத்தீன்ல புக்னஸ்னா முஷ்டி. சண்டை போடறதுக்கான புக்னாரேங்கற சொல்லும் அதே குடும்பம், குத்துச்சண்டை வீரரைக் குறிக்கிற பியூஜிலிஸ்ட்டும் அதேதான். அருவருப்புன்னு இப்ப நாம புரிஞ்சுக்கற ரிப்பக்னன்ட் கூட அடியில 'எதிர்த்து நிக்கிற'ங்கற அர்த்தத்துலேர்ந்து வந்ததுதான். ஆக முஷ்டிய மடக்கி வெச்சுக்கிட்டே அலையற ஆள்ங்கறது அந்த சொல்லுக்குள்ளயே இருக்கு.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கறதில்ல. இது குணத்தோட பேரு, நடந்த சண்டையோட பேரு இல்ல. ஒரு நாள் கோவத்துல கத்திட்டா அது பக்னாசிட்டி ஆகாது, திரும்பத் திரும்ப அப்படியே இருந்தாத்தான். அதனாலதான் "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்"ங்கற வரி எனக்கு உறுத்துது. மனோதத்துவத்துல வில்லியம் மெக்டூகல் 1908லயே இதை மனுஷனோட பிறவி இயல்புகள்ல ஒண்ணா சேர்த்தார், நாம செய்ய நினைக்கறதுக்கு குறுக்க ஏதாவது வந்தா அது கிளம்பும், கூடவே கோவமும் வரும்னு சொன்னார். இப்ப அந்தத் துறையில பெரும்பாலும் அக்ரஷன்னுதான் பேசறாங்க.

பாராட்டா வர்ற இடமும் இருக்கு. ஃபுட்பால்ல பந்தை விடாம மோதிப் பறிக்கிற மிட்ஃபீல்டரை பக்னேஷஸ்னு ரசிச்சு எழுதுவாங்க, 1940ல ஹிட்லருக்குப் பணியாம நின்ன சர்ச்சிலையும் அப்படி எழுதறது உண்டு. எதிரி யாருன்னு தெளிவா இருக்கிற இடத்துல அந்த குணத்துக்கு மதிப்பு இருக்கு. கூட வேலை பார்க்கறவங்க எதிரி இல்லையே, அதனால ஆபீஸ்ல அது குறைதான். எந்த மீட்டிங்கை மனசுல வெச்சு எழுதினீங்கன்னு மேனேஜர்கிட்ட நேராவே கேட்டுடுங்க, சத்தம் போடாம கேளுங்க.

கேள்வி: அப்போ பெலிகோஸ், பெலிஜரன்ட் எல்லாம்? எல்லாம் ஒண்ணுதானா?
– ஒரு வாசகி

பதில்: கிட்டக்கிட்ட இருக்கும்மா, ஆனா வேர் வேற. இது ரெண்டும் பெல்லம், அதாவது போர்ங்கற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது. பெலிகோஸ் பெரும்பாலும் நாடு, அரசாங்கம், தலைவர்களோட மிரட்டல் பேச்சுக்கு வரும். பெலிஜரன்ட்டுக்கு சட்டத்துல தனி இடம் உண்டு, போர்ல இறங்கின தரப்புன்னு அர்த்தம், அதுல திட்டே கிடையாது. 1861ல அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சப்ப பிரிட்டன் நடுநிலைன்னு அறிவிச்சு, பிரிஞ்சு போன தென் மாநிலங்களையும் பெலிஜரன்ட்டா ஏத்துக்கிச்சு, வடக்குக்காரங்களுக்கு அதுல செம கோவம். தனி ஆளைச் சொன்னா மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்கறார்னு அர்த்தம்.

கேள்வி: பக்னாசிட்டிய எப்படி உச்சரிக்கறது?
– இன்னொரு வாசகர்

பதில்: கெப்பாசிட்டி சொல்றீங்கள்ல, அதே முடிவுதான், ரெண்டாவது அசையில அழுத்தம். உரிச்சொல்லா வரும்போது பக்-நே-ஷஸ்.